கோபுரத்தின் முதல் படி

சாய்ந்த கோபுரத்தின் முதல் படிக்கு ஒரு முழம் முன்னால் லொரியானா நின்றுவிட்டாள்.

பின்னால் வந்த வாஸ்கோ அவள் முதுகில் இடித்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் லிவோர்னோ துறைமுகத்துப் பென்ஷன்காரர்கள் இருபத்தாறு பேர், குல்லாயும் மப்ளருமாக, ஜனவரிக் குளிரில் காலை உதறிக்கொண்டிருந்தார்கள். மூன்றரைக்கு இவர்கள் முறை. நாலு மணிக்கு அடுத்த கூட்டம் வந்துவிடும்.

"நான் ஏறலை," என்றாள்.

ஏற்கெனவே இரண்டு படி ஏறியிருந்த அவள் கணவன் நேதோ திரும்பிப் பார்த்தான்.

மூன்று நாள் சுற்றுலா. ஃப்ளாரன்ஸ், சியேனா, வீடு திரும்பும் வழியில் பீசா. பீசாவைச் சேர்க்கவே கூடாது என்று சங்கத்தில் பாதிப் பேர் சண்டை பிடித்தார்கள். வீட்டுக்குள் பிணம் கிடந்தாலும் கிடக்கட்டும், வாசலில் பீசாக்காரன் வந்து நிற்கக் கூடாது என்று சொல்லிப் பிள்ளை வளர்க்கிற ஊர் லிவோர்னோ. இரண்டு ஊருக்கும் நடுவே ரயிலில் கால் மணி நேரம். பகைக்கு அது தாராளமாகப் போதும்.

வாஸ்கோதான் வழி சொன்னான். கோபுரத்தின் உச்சிக்கு ஏறி, லிவோர்னோ சார்பில் எல்லோருமாகக் கீழே துப்பிவிட்டு வருவோம் என்றான். அத்தனை பேரும் கை தூக்கினார்கள். நேதோ இரண்டு கையையும் தூக்கினான். ஒன்று லொரியானாவுக்காக.

"என்ன மதினி, உசரம்னா பயமா?" என்றான் வாஸ்கோ. ரம் ஊற்றிய காப்பி வாசனை அவனோடு சேர்ந்து வந்தது.

பயம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. முந்தாநாள் ஃப்ளாரன்ஸில் நானூற்றுச் சொச்சம் படிகளை முதலில் ஏறி முடித்தது அவள்தான். நேற்று சியேனா மணிக்கூண்டின் உச்சியில், நாக்குத் தள்ள வந்து சேர்ந்த ஆண்களுக்குக் கமலாப்பழம் உரித்துக் கொடுத்தாள். முட்டிவலி என்றும் சொல்ல முடியாது. செவ்வாய், வியாழன் என்று இரண்டு வருடமாக முட்டி வைத்தியத்துக்கு இதே பீசாவுக்குத்தான் ரயிலேறி வந்துபோகிறாள். அந்த முட்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுவதை மூன்று நாளாகப் பஸ்ஸே பார்த்துவிட்டது.

"விளையாடாத லொரியானா," என்றான் நேதோ. "உன் பொறந்த நாளுக்குன்னுதான் வந்ததே. மேல போயி எல்லாரும் சேந்து போட்டோ எடுக்கணும்."

"எடுங்க. நான் இல்லாம எடுங்க."

"பீசாக்காரனுக்குப் பரிஞ்சுக்கிட்டு நிக்கிறா பாருய்யா!" என்று வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

நேதோ இறங்கி வந்து அவள் முழங்கையைப் பிடித்தான். முரட்டுப் பிடி இல்லை. நாற்பது வருடமாகச் சாலையைக் கடக்கும்போதெல்லாம் பிடிக்கிற அதே பிடிதான். அது இழுத்த பக்கமெல்லாம் அவள் போயிருக்கிறாள். அவனுக்குப் பிடித்த கடற்கரைக்கு, அவனுக்குப் பிடித்த மீன் சூப்புக்கு, அவன் தங்கை வீட்டுக்கு. நல்லவன்தான். அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை, அவ்வளவுதான்.

ஒரே ஒரு படி. இதில் கால் வைத்துவிட்டால் இரண்டு வருடமாகத் தனக்கென்று சேர்த்ததெல்லாம் கைவிட்டுப் போய்விடும். அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. பொங்கியது நன்றாகவும் இருந்தது.

"கையை விடு நேதோ."

அவன் விட்டுவிட்டான்.

வாசலில் டிக்கெட் பார்க்கிற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறை போட்டிருந்தாள். வரிசையை அடைத்துக்கொண்டு நிற்பதற்காக இவள் ஏசப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ லொரியானாவின் கால்களையும் படியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாலு வருஷமா இந்த வாசல்ல நிக்கிறேன். நானும் ஏறினதில்லம்மா," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்களுக்கு இன்னும் எத்தனை பரீட்சை பாக்கி?"

பட்டம் வாங்கும் முன் இந்தக் கோபுரத்தில் ஏறினால் பட்டம் கிடைக்காது. பீசா பல்கலைக்கழகத்தில் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். நம்பாதவர்கள்கூட ஏறுவதில்லை.

லொரியானாவும் குரலைத் தாழ்த்தியிருக்கலாம். இரண்டு வருடமாகத் தாழ்த்தி அலுத்துப்போயிருந்தது.

"மூணு," என்றாள், கடைசி ஆள்வரை கேட்கும்படி. "லத்தீன்ல மட்டும் ரெண்டு தடவை போயிடுச்சு."

நேதோ அவள் முட்டியைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். அறுபத்திரண்டு வயதில் படிப்பா என்று அவன் கேட்கவில்லை. என்னிடம் ஏன் மறைத்தாய் என்றும் கேட்கவில்லை.

"பீசாவுலயா?" என்றான்.

"பீசாவுலதான்."

அவள் வரிசையை விட்டு விலகி, கோபுரத்தடியில் புல்தரை ஓரமாக இருந்த கல்லில் போய் உட்கார்ந்து, கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"போங்க, நேரமாச்சு. மேல போயி எல்லாரும் நல்லாத் துப்பிட்டு வாங்க," என்றாள். "பாத்துத் துப்புங்க. கீழ நான் இருக்கேன்."