திரும்பிப் பார்க்காத தட்டு

“சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டுக்கொண்டே அடுத்த தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள்.

தட்டில் இருந்தவை மூளைச் செல்கள். மறதி நோய் வந்தவர்களின் தோலில் துளி எடுத்து, பக்குவமாக வளர்த்து, மூளைச் செல்லாக மாற்றியவை. ஒரு தட்டுக்கு ஒரு ஆள்.

எல்லாத் தட்டையும் அவள் அம்மா என்றுதான் கூப்பிடுவாள். ஆய்வுக்கூடத்தில் சிரித்துச் சிரித்து அலுத்துவிட்டார்கள். ஆம்பளைங்க செல்லும் இருக்குமே என்று ஒருவன் கேட்டதற்கு, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

செல்லின் மேல் ஏற்பி என்று ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கி உள்ளே சொல்வது அதன் வேலை. இந்த நோயில் அது மந்தமாகிவிடுகிறது. புது மருந்து அதைத் தட்டி எழுப்ப வேண்டும். எழுந்தால் செல் பச்சையாக ஒளிரும்.

ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்தாள்.

பச்சை.

அடுத்த தட்டும் பச்சை. அதற்கடுத்ததும். இத்தனை வருஷம் பட்ட பாடு வீண்போகவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசித் தட்டு மட்டும் இருட்டாகவே கிடந்தது.

அம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

பின்னால் சிடுமூஞ்சி நின்றிருந்தார். அவளுடைய மேலதிகாரி. அதிசயமாக அவர் முகத்திலும் சிரிப்பு.

“அதான் மத்ததெல்லாம் எரியுதே. அதைத் தூக்கிப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க.”

விதி அப்படித்தான். எழாத தட்டு குப்பைக்கு.

தட்டின் மேல் வெறும் எண்தான் இருக்கும். யாருடைய செல் என்று இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பார்க்கிற கண் ஓரவஞ்சனை செய்யும் என்று மறைத்துவிடுவார்கள்.

அவளுடைய அம்மாவும் சாவதற்கு முன்னால் தோல் கொடுத்திருந்தாள். இவற்றில் ஏதோ ஒன்று அம்மா.

தன் குரலுக்கு அம்மா ஒரே ஒரு தடவை திரும்ப வேண்டும். இந்த வேலையில் அவள் ஏங்கியதெல்லாம் அதற்குத்தான். ஒளிர்ந்த தட்டுகளில் ஒன்று அம்மாவாக இருக்கலாம். அப்படியே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

இருட்டுத் தட்டைக் கையில் எடுத்தாள். குப்பைத் தொட்டியைத் தாண்டிப் போய், கதகதப்பான வளர்ப்புப் பெட்டியிலேயே திரும்ப வைத்துக் கதவைச் சாத்தினாள்.

கடைசி வருஷம் முழுவதும் அம்மா இப்படித்தான் இருந்தாள். எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள்.