காலி நாற்காலி

உப்பளத் தொழிலாளர் குடியிருப்பின் சுகாதார நிலையத்தில் அன்று செவிலியர் பயிற்சியின் கடைசித் தேர்வு. ஜெசிந்தா அணிந்திருந்த கண்ணாடி நோயாளியின் முகத்தைப் பதிவேட்டில் தேடி அடையாளம் கண்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று காதில் சொல்லும். அவளுக்கு மதிப்பெண் போடுவதும் அதுதான்.

ஏழாவதாக வந்து உட்கார்ந்தவள் பேச்சித்தாய். அவள் குதிகாலில் புண் அழுகி ஈ மொய்த்தது.

"நோயாளி யாரும் இல்லை. அடுத்தவரை அழைக்கவும்" என்றது கண்ணாடி.

"என் பேரு பதிவுல இல்லம்மா. எங்க போனாலும் இதே கததான். நான் வாரேன்" என்று பேச்சித்தாய் எழுந்தாள்.

"உக்காருங்கக்கா." ஜெசிந்தா அவள் கையைப் பிடித்து இருத்தினாள். கண்ணாடியைக் கழற்றவில்லை; நன்றாகப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். அது மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தது. அவள் சர்க்கரை அளவு பார்த்து, புண்ணைக் கழுவி, நிதானமாகக் கட்டுப் போட்டாள்.

மாலையில் பயிற்சி ஆசிரியை சுகுணவதி அவளைக் கூப்பிட்டார்.

"நாப்பது நிமிஷம் நீ காலி நாற்காலி முன்னால உக்காந்திருந்தேன்னு பதிவாயிருக்கு. யாரும் வரலை, கண்ணாடி கோளாறுல சும்மா இருந்தேன்னு எழுதிக் குடு. பாஸ் போட்டுடுதேன்."

"அந்தக் காலி நாற்காலிக்குச் சர்க்கரை முந்நூத்தி எம்பது மேடம்."

"அப்ப ஃபெயில்தான். இன்னும் ஒரு வருஷம் படிக்கணும்."

"படிக்கேன் மேடம். நாளைக்கு அவங்களைக் கட்டு மாத்த வரச் சொல்லியிருக்கேன். பேரைக் குறிச்சுக்கோங்க."

ஆசிரியை பேரைக் குறிக்காமல் மதிப்பெண் தாளை அவள் பக்கம் தள்ளினார். ஜெசிந்தா மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். தன் தோல்வியைச் சொல்லும் தாளின் குறுக்கே 'பேச்சித்தாய்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்துவிட்டு வெளியே வந்தாள்.