பஞ்சுவின் பெஞ்சு

சாப்பாட்டு மணி அடித்ததுதான் தாமதம், பஞ்சுவின் பெஞ்சில் இடம் பிடிக்க அடிதடி தொடங்கிவிட்டது. மற்ற பெஞ்சுகள் எல்லாம் காற்று வாங்கிக்கொண்டிருக்க, அவனைச் சுற்றி மட்டும் எட்டுப் பேர் முட்டிமோதி உட்கார்ந்தார்கள்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா, பஞ்சுவுக்கு மூச்சு முட்டப்போகுது!” என்றார் துணி வெட்டுகிற அண்ணன். சொன்னவர் தான் மட்டும் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

அது பொம்மைக் கம்பெனி. கரடிப் பொம்மைகளின் வயிற்றில் பஞ்சு அடைப்பது அவன் வேலை, அதனால் பெயரே பஞ்சு என்றாகிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்தே தனியாகச் சாப்பிட்டுப் பழகியவன். “வாயில பசை போட்டு ஒட்டின மாதிரி இருந்தா உன்கிட்ட யாருடா வந்து பேசுவா?” என்று அவன் அம்மா கேட்காத நாளில்லை.

அப்பேர்ப்பட்டவனுக்கு இரண்டு மாதமாக இந்த ராஜ மரியாதை. பையனுக்குத் தலைகால் புரியவில்லை.

அதுவும் கரடிகளுக்குக் கண் தைக்கும் பெண் தினமும் அவன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். நேற்று அவள் மடியிலிருந்த போன் நழுவி விழுந்து, மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கமாகத் தெறித்தது. பஞ்சு பெஞ்சுக்கடியில் தவழ்ந்துபோய் இரண்டையும் பொறுக்கிக் கொடுத்தான். வாங்கும்போது அவள் விரல் இவன் விரலில் பட்டுவிட்டது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரே கரடிக்கு இரண்டு கரடிக்கான பஞ்சை அடைத்துவிட்டான். “என்னப்பா இது, கரடியா யானைக்குட்டியா?” என்று சூப்பர்வைசர் கத்தியதுகூட அவன் காதில் தேனாகத்தான் பாய்ந்தது.

இன்றைக்கு அவளிடம் கேட்டே விடுவது என்று முடிவு. சரி என்று அவள் சொல்லிவிட்டால் அந்த நிமிஷமே வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும். ஆனால் தினமும் சாப்பாடு முடிவதற்குள் அன்றைய டேட்டா துடைத்து வைத்தாற்போல் காலியாகிவிடுகிறதே!

“பின்னாடி ஓடுற ஆப்புங்கதான் தம்பி தின்னுது” என்று யோசனை சொன்னார் துணி வெட்டுகிற அண்ணன். கண் தன் போனில் ஓடிய பந்தாட்டத்தைவிட்டு நகரவில்லை. “செட்டிங்ஸ்ல போயி ஒவ்வொண்ணா நிறுத்து.”

“ஆமா ஆமா, திருட்டுக் கழுதைங்க! நாம பாக்காதப்பதான் வேலையக் காட்டும்” என்று ஒத்து ஊதினாள் பேக்கிங் அக்கா. அவள் போனில் ஒரு சீரியல் மாமியார் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள்.

பஞ்சு களத்தில் இறங்கினான். படங்களைச் சத்தமில்லாமல் மேலே ஏற்றிக்கொண்டிருந்த ஆப், மழை வருமா வராதா என்று சொல்லும் ஆப், நடையை அளக்கும் ஆப், என்றைக்கோ இறக்கி மறந்துபோன சமையல் ஆப், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பின்னணியில் டேட்டா எடுக்கும் அனுமதியை எல்லாவற்றிடமிருந்தும் பிடுங்கினான். அப்படியும் டேட்டா கண்ணெதிரே கரைந்துகொண்டேயிருந்தது.

செட்டிங்ஸில் துழாவிக்கொண்டே போனவன் ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டான். ஹாட்ஸ்பாட், ஆன். பாஸ்வேர்டு, இல்லை.

“ஒரே ஒரு நிமிஷம் நெட்டு குடுப்பா” என்று இரண்டு மாதத்துக்கு முன்னால் சூப்பர்வைசர் போனை வாங்கி, அவரே ஆன் செய்தது ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து அது அணையவே இல்லை. விஷயம் கம்பெனி முழுக்கத் தெரிந்திருக்கிறது, இவன் ஒருத்தனைத் தவிர.

பஞ்சு மெல்ல நிமிர்ந்து பார்த்தான். எட்டுத் தலைகளும் குனிந்திருந்தன. ஒருத்தர்கூட அவனைப் பார்க்கவில்லை. கண் தைக்கும் பெண்ணும் மடியில் போனை வைத்துக்கொண்டு குனிந்துதான் இருந்தாள்.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பஞ்சை உருவிவிட்ட கரடி மாதிரி தொய்ந்துபோய் உட்கார்ந்தான். பிறகு ஹாட்ஸ்பாட்டை அணைத்தான்.

“அடச்சே, கோல் போடுற நேரத்துல சுத்துதே!”

“அந்த மாமியா என்ன சொன்னான்னு தெரியாம போச்சே!”

துணி வெட்டுகிற அண்ணனுக்குக் கத்தரியைச் சாணை பிடிக்கவேண்டும் என்று திடீரென்று ஞாபகம் வந்தது. பேக்கிங் அக்காவுக்கு ஜன்னலோரம்தான் காற்று நன்றாக வருமாம். மற்றவர்கள் அந்தச் சாக்குக்கூடச் சொல்லாமல் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். படம் விட்ட தியேட்டர் மாதிரி ஆகிவிட்டது பெஞ்சு.

கண் தைக்கும் பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. நெட்டு திரும்பி வரும் என்று காத்திருக்கிறாள்போலிருக்கிறது என்று நினைத்தவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நெட்டை நிறுத்திட்டேங்க. இனிமே வராது. நீங்களும் கிளம்பலாம்.”

அவள் ஒன்றும் புரியாமல் விழித்தாள். அவன் கையிலிருந்த போனையும் காலிப் பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தாள். மெதுவாக அவள் முகமெல்லாம் சிரிப்பாயிற்று.

மடியிலிருந்த போனை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். எண்கள் தேய்ந்துபோன பட்டன்கள், அதற்கு மேலே தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை.

“என் போன்ல ஏதுங்க நெட்டு?”