வாராந்திர மடலில் ஒரு திருத்தம்

பதினொன்றாக இன்னும் பத்து நிமிடம் இருந்தபோது கருவி அறைக்காரர் போனில் கூப்பிட்டார்.

“மேடம், மடல்ல அலமாரியில மூணாம் தட்டுன்னு போட்டிருக்கீங்க. நல்ல ஃபில்டர் ரெண்டாம் தட்டுல இருக்கு. மூணுல இருந்தது கிழிஞ்சது, தூக்கிப் போட வெச்சிருந்தேன். இப்ப வந்து பார்த்தா அதைக் காணோம்.”

துறை அலுவலகத்தில் எழுத்தர் மடலைத் திறந்து பார்த்தார்.

வானியல் படிக்கும் இளநிலை மாணவர்கள் நாற்பத்திரண்டு பேருக்கும் வாராவாரம் மடல் அனுப்புவது அவர் வேலை. எந்த வகுப்பு எந்த அறையில், யார் விடுப்பு, கட்டுரை கொடுக்கக் கடைசி நாள் எது, எல்லாம் அதில் இருக்கும். இந்த வாரம்: வியாழன் பதினோரு மணி, மொட்டை மாடி, தொலைநோக்கியில் சூரியப் புள்ளிகள் பார்க்கும் செய்முறை. வெயிலை மட்டுப்படுத்தும் ஃபில்டரை முன்னதாகவே எடுத்து மாட்டி வைக்கவும். மூன்றாம் தட்டு.

இரண்டு என்று அடித்திருக்க வேண்டிய இடம்.

கிழிசல் வழியே சூரியன் நேராகக் கண்ணில் இறங்க ஒரு நொடி போதும். வலிகூடத் தெரியாதாம். பார்வை போன பிறகுதான் தெரியுமாம்.

செய்முறை ஆசிரியருக்குப் போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது.

இன்னொரு எண்ணுக்கும் அடித்தார். எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தேதான் அடித்தார்.

நின்றபடியே ஒரு திருத்தத்தைத் தட்டி எல்லோருக்கும் அனுப்பினார். ‘ஃபில்டர் கிழிந்தது. யாரும் கண்ணை வைக்காதீர்கள்.’

அனுப்பினாரே தவிர, நம்பிக்கை இல்லை. மடலில் கொட்டை எழுத்தில் போட்டதையே அலுவலகத்துக்குப் போன் பண்ணிக் கேட்கிற கூட்டம் அது. இந்த வருடம் அவராகவே, ‘வெறும் வயிற்றோடு செய்முறைக்கு வராதீர்கள்’, ‘வெயிலில் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்’ என்றெல்லாம் சேர்க்கத் தொடங்கியிருந்தார். துறைத் தலைவர் மட்டும் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

ஆனால் மூன்றாம் தட்டு காலி. யாரோ ஒருவர் மடலை வரிக்கு வரி படித்திருக்கிறார்.

அது யாராக இருக்கும் என்று எழுத்தருக்கு ஒரு யூகம் இருந்தது.

லிஃப்ட் எங்கோ மேலே நின்றுகொண்டு இறங்குவேனா என்றது. படியில் ஓடினார். ஐந்து மாடி. மூன்றாவதில் மூச்சு இரைத்தது. நான்காவதில் முட்டி பிடித்துக்கொண்டது. கைப்பிடியைப் பற்றி உடம்பை இழுத்து இழுத்து ஏறினார்.

மாடிக் கதவைத் தள்ளினார். சுள்ளென்று வெயில் அடித்தது.

தொலைநோக்கி சூரியனைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. சுற்றிலும் மாணவர்கள். ஆசிரியர் இன்னும் வந்திருக்கவில்லை.

குழாயின் வாயை மூடியால் அடைத்து, அதன்மேல் உள்ளங்கையை அழுத்தியபடி ஒரு பெண் நின்றிருந்தாள். இன்னொரு கையில் போன். காலடியில் அந்தக் கிழிந்த ஃபில்டர்.

“இன்னும் ஒருத்தர்கூடப் பார்க்கல மேடம். திடீர்னு மூடிட்டு, யாரையும் கிட்ட விடமாட்டேங்கிறா” என்றான் பக்கத்தில் நின்றவன். “ஆமா, நீங்க யாரு?”

எழுத்தர் மூச்சு வாங்கியபடி சுவரில் சாய்ந்தார். கண்ணில் நீர் முட்டியது. வெயில் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தப் பெண் போனைப் பையில் போட்டுக்கொண்டு கிட்டே வந்தாள். அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள்.

“இந்தக் காலை வெச்சுக்கிட்டு ஏம்மா இப்படி ஓடி வந்தே?”

வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு விடுதிக்குப் போன மகள், அவரிடம் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது.