சரிப்பா

"சமையல் படிப்பு, கிமையல் படிப்பெல்லாம் கிடையாது. டிகிரியை முடிக்கிற வழியைப் பாரு" என்றார் அப்பா, துணியை மடித்தபடியே.

காலேஜைப் பாதியில் விட்டுவிட்டுச் சமையல் கல்லூரியில் சேர அனுமதி கேட்டு, மகள் அவருடைய துணிக்கடைக்கே வந்திருந்தாள். அந்தக் கல்லூரியில் அவளுக்கு இடமும் கிடைத்திருந்தது.

"சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மதியம் சாப்பிட வந்தவரை அம்மா பிடித்துக்கொண்டாள். "அவ மூஞ்சியைப் பாக்க சகிக்கல. உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"மறுபடி வந்து கேப்பான்னு வாசலையே பாத்துட்டிருந்தேன். வரலையே?"

"எதுக்கு வரணும்? அதான் முடியாதுன்னுட்டீங்களே."

"முதல்ல சொல்ற விலைக்கே எவனாவது வாங்கிட்டுப் போவானா? அவ கோவிப்பா, அழுவா, நான் கொஞ்சம் முறுக்கிட்டு, கடைசில போய்ச் சேருன்னு சொல்லலாம்னு இருந்தேன். அந்தச் சமையல் காலேஜ் பக்கத்துல அவ தங்க ரூமே பேசி வச்சிட்டேன்டி."

உள்ளேயிருந்து மகள் வந்தாள்.

"சீட்டு வேணாம்னு அப்பவே ஃபோன் பண்ணிட்டேன்பா. காத்திட்டிருந்த வேற பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க."

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். "ஏம்மா, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கக் கூடாதா?"

"கடைக்காரர் சொல்லியிருந்தா பேசியிருப்பேன்பா. அப்பா சொல்றார்னு நெனச்சேன்."