சிவப்புக் கோடு போட்ட கலிப்ஸோ

நான்கு சரணத்திலும் சிவப்பு மை. பெயர் வந்த இடத்திலெல்லாம் அடியில் ஒரு கோடு. தலைமையாசிரியர் ஹொரேஷியோ சீலி தானே கோடு போட்ட அந்தப் பாட்டுத் தாளை, சோற்றில் கிடந்த ஈயைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

எதிரே கெசியா நின்றாள். வயது பதினைந்து, வாய் மட்டும் அதைவிடப் பெரியது. ஊராரைப் பெயர் சொல்லிக் கிண்டலடிக்கும் கலிப்ஸோ பாட்டில் பள்ளிகளுக்கென்று நடக்கும் போட்டிக்கு இன்று மூன்று மணிக்குள் படிவம் போயாக வேண்டும். ஜெயித்தால் மாணவர் ஒலிப்பதிவு விருது: ஸ்டூடியோவில் பதிவு செய்து, கார்னிவல் திருவிழா முடியும்வரை டிரினிடாட் முழுக்க வானொலியில் போடுவார்கள். தலைமையாசிரியர் கையெழுத்து இல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது.

“ராம்லோகன் மிஸ் ஸ்டாஃப் ரூமுக்குள்ள குடை பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்கன்னு எழுதியிருக்கே.”

“கூரை ஒழுகுது சார். வேற என்ன பண்ணுவாங்க?”

“கணக்கு வாத்தியார் போர்டைப் பார்த்துக்கிட்டே தூங்குறாராம்.”

“குறட்டை மட்டும் எங்க பக்கம் வரும் சார்.”

“கேன்டீன்ல டெல்சி அம்மா பண்ற மக்ரோனியால கூரை ஓட்டையை அடைக்கலாமாம்.”

“அடைச்சுப் பார்த்தோம் சார். நிக்குது.”

சீலியின் தலைக்குமேல் சுவரில் மூன்று புகைப்படங்கள் தொங்கின. மூன்றிலும் அவர்தான், மூன்றிலும் ஏதோ ஒரு நாடாவை வெட்டிக்கொண்டிருந்தார்.

“வாட்ச்மேனைக்கூட விடலையே நீ.”

“ஒரு வார்த்தையும் மாத்த மாட்டேன் சார். நீங்க கையெழுத்து போடலைன்னா கேட் வாசல்ல நின்னு பாடுவேன். பஸ்ஸுக்கு நிக்கிறவங்க கேட்டுட்டுப் போகட்டும்.”

சீலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குரல் கனத்திருந்தது.

“போன வருஷம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருத்தன், அவங்க தலைமையாசிரியரையே கிழிச்சுப் பாடி அந்த விருதை வாங்கினான். அந்த மனுஷனால இப்போ சந்தைக்கு மீன் வாங்கப் போக முடியல. ஊரே நின்னு திரும்பிப் பார்க்குது.”

“பார்க்கட்டுமே. எங்க கிளாஸ்ல அஞ்சு மாசமா மழை பெய்யுது, அதை யாரும் திரும்பிப் பார்க்கல. மணி ரெண்டே முக்கால் ஆச்சு சார், பேனாவை எடுங்க.”

இருபத்திரண்டு வருடங்களில் அந்த அறையில் அவரைப் பார்த்து ‘எடுங்க’ என்று யாரும் சொன்னதில்லை. சீலி வந்து உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். வழக்கமான மூன்று சுழிகளோடு கையெழுத்தைப் போட்டார்.

கெசியா படிவத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். மறுமுனையை அவர் விடவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“வாட்ச்மேன் வரைக்கும் பாடியிருக்கே. நான் என்ன பாவம் பண்ணினேன், என்னை மட்டும் விட்டுட்டே?”