குவளைக்குள் ஒரு முகம்

“ஏம்மா அலைடா, புருஷனைப் புதைச்ச ஈரம்கூடக் காயலை, அதுக்குள்ள அவன் படமெல்லாம் நீ வரைஞ்சதுங்கிறியே!” என்று சிரித்தார் டெல்ஃப்ட் நகர ஓவியர் சங்கத் தலைவர்.

“கையெழுத்துதான் யோரிஸோடது. பூவெல்லாம் நான் போட்டது. ஒவ்வொரு கண்ணாடிக் குவளையிலயும், பிரதிபலிக்கிற மாதிரி என் முகத்தைக் கடுகளவா ஒளிச்சு வச்சிருக்கேன். பாருங்க.”

அவர் உருப்பெருக்கியால் ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

“நீயே பாரும்மா.”

குனிந்தேன். எல்லாக் குவளைகளிலிருந்தும் யோரிஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஓர் இதழ்கூட வரையத் தெரியாத மனிதர், நான் தூங்கும்போது என் முகத்தின்மேல் தன் முகத்தை வரைந்திருக்கிறார்!

“ஒரு படம் மிச்சமிருக்கு,” என்றேன். “அவர் போன பிறகு வரைஞ்சது. இதைத் தொட அவரால முடியாது.”

துணியை விலக்கினேன். வண்ணம்கூட இன்னும் காயவில்லை.

குவளைக்குள் யோரிஸ் நின்றிருந்தார், கையில் என் தூரிகையோடு.